மின்சாரம் திரும்பி வரும் நேரம்

சென்னையின் வடபகுதியில் ரெட்டேரியை ஒட்டி அமைந்துள்ள கொளத்தூர், வண்ணமீன் வளர்ப்புக்கும் வணிகத்துக்கும் நாடெங்கும் பெயர் பெற்ற இடமாகும். வீட்டுக் கொல்லைகளிலும் மொட்டை மாடிகளிலும் கட்டப்பட்ட சிமெண்டுத் தொட்டிகளில் இங்கே பெருகுபவை பெரும்பாலும் கப்பி, மோலி, ஃபைட்டர் போன்ற நன்னீர் மீன்களே. எனினும், கடல்நீர்த் தொட்டிகளை அமைத்துத் தருவதையும், பின்னர் வீடு வீடாகச் சென்று அவற்றைப் பராமரிப்பதையும் தொழிலாகக் கொண்ட சிறு பட்டறைகளும் கடைத்தெருவின் சந்துகளுக்குள் இயங்கி வருகின்றன. அத்தகைய பட்டறை ஒன்றில் மேற்கொள்ளப்பட்ட களப்பார்வையில் முதலில் கண்ணுக்குப் பட்டது, அங்குள்ள பணியாளர்களின் உழைப்பில் பெரும்பங்கு மீனை மோட்டாரிலிருந்து விலக்கி வைப்பதற்கே செலவாகிறது என்பதாகும்.

பவளப்பாறைத் தொட்டி என்பது, பாறை இடுக்குகளும் அங்கு வாழும் உயிர்களும் அடங்கிய கடலடிச் சூழலைக் கண்ணாடிக்குள் அமைக்கும் முயற்சி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 கல்பவளங்களைக் காப்புக்குரிய உயிர்களாக அட்டவணைப்படுத்தியிருப்பதால், இப்பட்டறையினர் செயற்கைப் பாறைகளை அடுக்கி, அவற்றினிடையே கோமாளி மீன்களையும் அவற்றுக்குப் புகலிடமாகும் கடற்சாமந்தியையும் வைக்கின்றனர். கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் உருவாக்கியிருப்பதால், கடலிலிருந்து பிடிக்காத மீனையே கேட்டு வாங்க இன்று வழியுண்டு. அப்படி வளர்ந்து வரும் குஞ்சுகள் விரலின் இரு கணு நீளமே இருக்கும் என்பதைக் கருவிகளைப் பொருத்துவோர் மறந்துவிடக் கூடாது.

நன்னீர்த் தொட்டியில் ஒரு ஸ்பாஞ்ச் வடிகட்டியும் காற்றுக் குமிழும் போதும். கடல்நீர்த் தொட்டியிலோ அலை, நீரோட்டம், குளிர்ச்சி, கழிவகற்றல் என்று கடல் தானே செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கருவி தேவைப்படுகிறது. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் 1960களில் காற்றுக் குமிழையும், நுண்ணுயிர்கள் குடியிருக்கும் ‘உயிருள்ள பாறை’யையும் மட்டுமே நம்பிப் பவளத் தொட்டிகளைப் பேணிக் காட்டியவர். ஆனால் அடர்த்தியாக உயிர்களை வைக்கும் இன்றைய தொட்டிகள் அந்த எளிமையிலிருந்து வெகுதூரம் விலகிவிட்டன. ஒரு கருவியின் குறையைத் தீர்க்க மற்றொன்று வருகிறது. அதுவும் தன் பங்குக்கு ஓர் ஆபத்தைக் கொண்டுவருகிறது. கோடையில் நீரைக் குளிர்விக்க மின்விசிறி வைத்தால் நீர் ஆவியாகி உப்பின் செறிவு ஏறும். அதைச் சரிக்கட்ட நன்னீரைத் தானே நிரப்பும் மிதவை பொருத்தப்படும். மிதவையில் நத்தை ஒன்று ஏறி அமர்ந்து அதை அழுத்திவிட்டால், அடைக்க வேண்டிய நேரத்தில் அடைபடாமல் நன்னீர் இரவெல்லாம் இறங்கிக்கொண்டேயிருக்கும். இதனால் நன்னீர் வாளியைப் பெரிதாக வைக்காமல், அது முழுவதும் கொட்டினாலும் உப்பின் அளவு பெரிதாகக் குறையாதபடி சிறிதாக வைப்பதே இப்பட்டறையின் வழக்கம். எந்தக் கருவியும் என்றாவது ஒரு நாள் பழுதாகும் என்று ஏற்றுக்கொண்டு, அந்நாளில் நேரக்கூடிய சேதத்தை முன்கூட்டியே சுருக்கி வைக்கும் இந்த மனப்பாங்கே இத்தொழிலின் உயர்ந்த அறிவாகத் தோன்றுகிறது.

அலை எழுப்பும் விசிறி மோட்டாரை, அதாவது தொழிலாளர் ‘வேவ்மேக்கர்’ என்று சொல்லும் கருவியை, விளக்கமாகவே கூற வேண்டும். கடற்சாமந்தி செடிபோலத் தோன்றினும் ஒரு விலங்கு. ஒளியோ நீரோட்டமோ ஒத்துவராவிட்டால் தன் பாதத்தைப் பெயர்த்துக்கொண்டு நகர்ந்து செல்லும். புதிதாக விடப்பட்ட முதல் சில நாட்களில் இந்த அலைச்சல் மிகுதி. அப்படி நகரும்போது விசிறியின் உறிஞ்சு பக்கத்தில் அதன் கைகள் சிக்கினால், உடல் துண்டு துண்டாக அரைபட்டு, கொட்டும் உயிரணுக்களும் அழுகும் சதையும் நீரெங்கும் பரவுகின்றன. சிறிய தொட்டியாயின், ஓர் உயிரின் சாவு அங்குள்ள பிற உயிர்களின் சாவாகவும் முடியக்கூடும். இதைத் தடுக்க விசிறிக் கூண்டின்மேல் நுரைப்பஞ்சு உறை மாட்டப்படுகிறது. ஆனால் பஞ்சு அழுக்கேறி அடைபட்டால் ஓட்டம் குன்றிவிடும் என்பதால் வாரந்தோறும் கழற்றி அலச வேண்டும். இந்த அலசலை வீட்டுக்காரர் தவிர்க்கத் தொடங்கும் மாதத்திலேயே தொல்லை தொடங்குகிறது என்பது பட்டறை மூத்தவரின் கணிப்பு. கடைகளில் ‘நோய்’ என்று எழுதி முடிக்கப்படும் பல மீன் சாவுகளுக்குப் பின்னால் அலசப்படாத பஞ்சும் மூடப்படாத இடுக்கும் இருக்கக்கூடும். அவற்றை நோயின் கணக்கில் சேர்ப்பது மீனுக்கு இழைக்கும் அநீதியாகும்.

தொட்டியின் மேல்விளிம்பில் நீர் வழிந்து கீழேயுள்ள ‘சம்ப்’ என்னும் துணைத்தொட்டிக்கு இறங்கும் பற்கள் போன்ற இடைவெளிகளும் விசிறியைப் போலவே ஆபத்தானவை. அவ்விடைவெளிகளில் நுழையும் குஞ்சு குழாய் வழியே கீழே போய்விடுவதால், அங்கே பிளாஸ்டிக் வலை வெட்டிப் பொருத்தப்படுகிறது. இரவில் மிரண்டு துள்ளும் மீன் தரையில் விழுந்து காய்ந்து போகாதிருக்கத் தொட்டியின் மேலும் வலையே விரிக்கப்படுகிறது; கண்ணாடி மூடி வெப்பத்தையும் தேங்க வைத்து, காற்று நீரில் கலப்பதையும் குறைத்துவிடும் என்பதால் அது விலக்கப்படுகிறது.

எல்லாவற்றையும்விட இங்கு கவனம் பெறுவது மின்தடையே. 25 டிகிரி செல்சியஸில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைக்கக்கூடியது. அதே வெப்பநிலையில் கடல்நீரால் கொள்ள முடிவது 7 மில்லிகிராமுக்கும் குறைவு. எனவே ஓட்டம் நின்ற கடல்நீர்த் தொட்டியில் மூச்சுத்திணறல் விரைந்து தொடங்கும். மின்சாரம் போனதும் தானே இயங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றாவது இல்லாமல் இப்பட்டறை எந்தத் தொட்டியையும் ஒப்படைப்பதில்லை. அந்த ஏர் பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தால், அது நின்ற கணத்தில் குழாய் வழியே நீர் பின்னோக்கி இறங்கி மின்பலகையை நனைக்கும். ஆகையால் அதை மேலே வைப்பதோடு, ஒருவழி வால்வும் சேர்க்கப்படுகிறது.

பின்னோக்கி இறங்கும் நீர் பெரிய மோட்டாரிலும் உண்டு. சம்ப்பிலிருந்து நீரை மேலேற்றும் மோட்டார் நின்றதும், நீருக்குள் மூழ்கியிருக்கும் குழாய் வாய் தொட்டி நீரையே கீழே இழுக்கத் தொடங்கும். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் துளையிட்டால், மட்டம் தாழ்ந்தவுடன் அத்துளை வழியே காற்று புகுந்து இழுவை அறுபடும். ஆனால் பாசி படர்ந்து துளை அடைபடக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. புதிய தொட்டி ஒன்றை நிறுவியபோது இதைச் சோதித்த முறை நினைவில் நிற்கத்தக்கது. வெறும் நன்னீரை நிரப்பி, துளையை விரலால் அடைத்து, மெயின் ஸ்விட்சை நிறுத்தி, சம்ப்பில் நீர் ஏறி நிற்கும் உயரம்வரை பொறுமையாகக் காத்திருந்தனர். அதன் பிறகு மோட்டாரை ஓட்டி, இயங்கும்போது நீர் நிற்க வேண்டிய மேல்வரம்பை மார்க்கர் பேனாவால் கண்ணாடியில் கோடாக இழுத்தனர். அந்தக் கோட்டைத் தாண்டி நீர் ஊற்றப்படாத வரையில், மின்சாரம் எத்தனை முறை போனாலும் வீட்டின் தரை நனையாது.

உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், இக்கருவிகளின் ஆபத்து மீனோடு நிற்பதில்லை. நாள்தோறும் பல தொட்டிகளில் முழங்கைவரை கையை அமிழ்த்துபவர் பராமரிப்புப் பணியாளரே. புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மோட்டாரைப் பிடித்து அசைக்க முனைந்தபோது, “தம்பி, மொதல்ல ப்ளக்கைப் புடுங்கு, அப்புறம் கைய வை” என்று மூத்தவர் குரல் உயர்த்தினார். ஒவ்வொரு வயரும் ப்ளக் பலகைக்குக் கீழே வளைந்து இறங்கிய பின்னரே மேலேறும்படி அமைக்கப்படுவதால், வயர் வழியே வழியும் நீர் அவ்வளைவில் சொட்டி விழுகிறது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்சும் கேட்டுப் பெறப்படுகிறது. அதன் செலவை வீட்டுக்காரர் வீண் என்று கருதும் இடங்களில் வேலையையே மறுக்கும் உரிமை இப்பணியாளர்களுக்கு இருக்க வேண்டும்.

மின்சாரம் போகும் வேளையைவிட அது திரும்பி வரும் வேளையையே மூத்தவர் அஞ்சுகிறார். விசிறி நின்ற கூண்டு, குஞ்சு மீனுக்கும் நத்தைக்கும் ஒதுங்கத் தக்க பொந்தாகத் தெரிகிறது. இருட்டில் அவை உள்ளே புகுந்திருக்க, திடீரெனச் சுழலும் இறக்கை அவற்றை வெட்டிவிடும். களப்பார்வையின் இறுதி மாலையில் பட்டறைப் பகுதியில் மின்தடை ஏற்பட்டபோது, அவர் அலை மோட்டார்களின் ப்ளக்குகளை எல்லாம் கழற்றி வைத்தார். விளக்குகள் மீண்டும் எரிந்த பின்பும் அவற்றை உடனே சொருகவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு தொட்டி தொட்டியாகக் குனிந்து, ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். மூன்றாம் தொட்டியில் ஒரு நத்தையை விரலால் மெல்லத் தள்ளி வெளியேற்றிய பிறகே முதல் ப்ளக்கைச் சொருகினார்.