மொட்டையும் மயிர்க்காலும்

ஞாயிறுதோறும் சித்தூரில் சில பைபிசி மாணவர்களின் உயிரியல் ஐயங்களுக்கு விடை சொல்லி வருகிறேன். திருப்பதியிலிருந்து காலைப் பேருந்தில் புறப்பட்டு, மாலையில் ஆய்வகத்துக்குத் திரும்பிவிடுவேன். பாடநூல் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ இருந்தாலும் அவர்களுள் பலர் வீட்டில் தமிழ் பேசுபவர்கள். மனத்தில் உறுத்தும் கேள்விகள் தமிழில்தான் வரும். நொதிகளையும் மைட்டோகாண்டிரியாவையும் ஆயத்தம் செய்துகொண்டு போன எனக்கு முதலில் வந்த கேள்வி: "அண்ணா, மொட்டை அடிச்சா முடி அடர்த்தியா வளருமா?"

திருமலைக்கு இவ்வளவு அருகில் வாழ்பவர்களுக்கு இதைவிட இயல்பான கேள்வி வேறென்ன இருக்க முடியும்? கல்யாணகட்டாவில் இரவு பகலாக முடி இறக்குகிறார்கள். தன் கூந்தலை இறைவனுக்கு ஈந்த நீலாதேவியின் பெயரால்தான் ஏழு மலைகளுள் ஒன்று நீலாத்ரி ஆயிற்று என்கிறது தலபுராணம்.

நான் ஒரே மூச்சில் சொன்னேன்: வளராது, முடி கெரட்டின் என்னும் புரதத்தாலான உயிரற்ற இழை, மழிப்பதால் வளர்ச்சி மாறாது என்று 1928-இலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர், முகம் மழித்துக்கொண்ட ஆண்களின் முடியை ஆராய்ந்து காட்டிவிட்டார்.

"உயிரில்லாதது எப்படிண்ணா வளரும்?" என்றான் ஒருவன். "அப்ப என் தம்பிக்கு அடர்த்தியா வந்ததே, அது பொய்யா?" என்றாள் இன்னொருத்தி.

இரண்டும் நியாயமான கேள்விகள். என் விடைதான் அரைகுறை. வளர்வது வெளியே தெரியும் இழையன்று. தோலுக்குள் புதைந்திருக்கும் மயிர்க்காலில் உயிரணுக்கள் பெருகி, கெரட்டினால் நிரம்பி, இறந்து மேலே தள்ளப்படுகின்றன. (மயிர்க்கால் என்றதும் வகுப்பில் எழுந்த சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. குறளில் மதிப்போடு இருந்த சொல்லை நாம் எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறோம்!) கத்தி மயிர்க்காலை எட்டுவதில்லை; அதன் எண்ணிக்கையோ பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. தம்பியைப் பற்றி அவள் கண்டதும் பொய்யன்று. குழந்தையின் மெல்லிய முடி உதிர்ந்து தடித்த முடி வரும் வயதும், நாம் முதல் மொட்டை போடும் வயதும் ஏறக்குறைய ஒன்றே. போதாக்குறைக்கு, இயற்கையாகக் கூர்ந்திருக்கும் முடிநுனி மழித்தபின் மொட்டையாகி, தடவும்போது சொரசொரப்பாகத் தடித்துத் தோன்றுகிறது.

அன்று வகுப்பு முடிந்ததும் தம்பியைப் பற்றிக் கேட்ட பெண் மட்டும் நின்றாள். மூன்று மாதங்களுக்கு முன் கடும் காய்ச்சல். இப்போது சீப்பு நிறைய முடி வருகிறது. அம்மா திருமலைக்கு அழைத்துப்போய் மொட்டை போட்டுவிடலாம், அடர்த்தியாக வரும் என்கிறாராம். "வேண்டாம்னு நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளையாக, வேண்டுதல் ஏதும் உண்டா என்று கேட்டேன். காய்ச்சல் உச்சத்தில் இருந்த இரவில் அம்மா நேர்ந்துகொண்டாராம்.

ஆகவே எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். கடும் காய்ச்சல் ஏராளமான மயிர்க்கால்களை ஒரே சமயத்தில் ஓய்வுநிலைக்குத் தள்ளிவிடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அந்த முடிகள் மொத்தமாக உதிரும். பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகிவிடும். ஆகாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மொட்டை அதை விரைவுபடுத்தாது, கெடுக்கவும் செய்யாது. நேர்த்திக்கடனைப் பற்றி உயிரியலில் விடை இல்லை. அதை அம்மாவோடு நீயே பேசு என்றேன். தப்பித்துக்கொண்டேனோ என்ற உறுத்தல் பேருந்தில் திருப்பதி வரும்வரை இருந்தது.

சில வாரங்கள் கழித்து மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்தாள். அம்மாவிடம் எல்லாம் சொன்னாளாம். கேட்டுவிட்டு அவர், "முடிக்காக வேணாம், சாமிக்காகப் போலாம்" என்றாராம். அவளும் சம்மதித்திருக்கிறாள். அதன்பின் மாதம் ஒருமுறை அளவுகோலை வைத்து அளந்து நோட்டில் குறித்து வருகிறாள். முதல் மாதம் 11 மில்லிமீட்டர், அடுத்தது 12. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் என்று நான் சொன்னதைச் சரிபார்க்கிறாளாம்.

சென்ற வாரம் நோட்டை மூடிவிட்டுக் கேட்டாள்: "புருவத்தை யாரும் வெட்டுறதில்லையே, அது ஏன் தலைமுடி மாதிரி நீளமா வளரலை?"

தலையின் மயிர்க்கால் ஆண்டுக்கணக்கில் ஓயாமல் வளர்க்கிறது, புருவத்தினுடையது சில வாரங்களிலேயே ஓய்ந்துவிடுகிறது என்றேன். "அதுக்கு எப்ப நிறுத்தணும்னு யார் சொல்றா?" என்றாள். அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன். இரண்டு நாள்களாக அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.