உத்தி

2017 ஜூலை 24. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பாஸஞ்சரில் பக்கத்துக்காரரின் பத்திரிகையை எட்டிப் படித்தேன். முந்தின நாள் மும்பையில் இந்தியன் சூப்பர் லீகின் 10 கால்பந்து அணிகளும் டிராஃப்டில் உள்நாட்டு ஆட்டக்காரர்களை எடுத்திருந்தன. விலை முன்னமே குறித்தது. அணிகள் முறைவைத்து எடுக்க வேண்டும். ஜாம்ஷெட்பூர் முதலில் எடுத்தது அனஸ் எடத்தொடிகாவை. 1.10 கோடி. எடுபடாதவர்களின் பெயர் செய்தியில் இல்லை.

திண்டிவனத்தில் நாங்கள் உத்தி பிரித்தோம். சம பலமுள்ள இருவர் ஒதுங்கிப்போய் ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வருவோம். 'செம்மண்ணா, களிமண்ணா?' தலைவன் மண்ணைக் கேட்பான், ஆள் கிடைப்பான். யாரும் மிஞ்சுவதில்லை. இதில் ஒரு கருணை இருப்பதாக வெகுநாள் நினைத்திருந்தேன்.

மயிலம் தாண்டுகையில் சந்தேகம் வந்தது. வழக்கமாக என்னோடு ஜோடி சேர்கிறவன் ஒருநாள் வேறொருவன் தோளில் கைபோட்டு ஒதுங்கினான். அந்தக் கோடையில் அவன் ஆட்டம் வளர்ந்திருந்தது. எனக்கு வாய்த்தவன் எல்லோரிலும் சிறியவன். யாரும் எதுவும் சொல்லவில்லை. தலைவர்கள் கேட்பதற்கு முன்பே, புளியமரத்தடியில், என் விலை குறித்தாகிவிட்டது. குறித்தவன் சிநேகிதன்.

நான் திரும்பித் திரும்பி அவனையே பார்த்துக்கொண்டு நடந்தேன். சின்னவன் என் சட்டையை இழுத்தான். எம்பி, சந்தோஷமாக, காதில் ஒரு பெயர் சொன்னான். அது என்ன பெயரென்று ஞாபகமில்லை.