ரோஸ் மரம் பூக்கட்டும்

அப்பா போனப்புறம் அம்மாவை மாயவரத்துலே இருந்து பெங்களூருக்குக் கூட்டிவந்தோம். வந்த நாளா ஒரே கேள்விதான். 'எப்போடி ஊருக்கு டிக்கெட்?'

மனசு மாறட்டுமேன்னு லால்பாக்கிலே குடியரசு தின மலர்க்காட்சிக்கு அழைச்சுட்டுப் போனா.... அடேயப்பா! பூவைவிடத் தலைங்கதான் அதிகம். 'காசு குடுத்துக் கூட்டம் பார்க்கணுமா?'ன்னுட்டாங்க. 1889லே அடிக்கல் நாட்டுன கண்ணாடி மாளிகைன்னு ரங்கமணி ஆரம்பிச்ச சரித்திரமும் எடுபடலை.

கூட்டம் ஓய்ஞ்சதும் ஒரு நாள் காலையிலே சும்மா போனோம். ஹைதர் அலி 1760லே ஆரம்பிச்ச தோட்டம், இப்போ 240 ஏக்கர். அம்மாவுக்குப் பிடிச்சதென்னவோ அங்கே இருக்கும் பாறைதான்! சுமார் 300 கோடி வருஷத்துப் பாறையாம். 'நம்ம பக்கம் தோண்டினா வண்டல்தான். இத்தாம்பெரிய கல்லு ஏது'ன்னு செருப்பைக் கழட்டிட்டு ஏறிட்டாங்க.

அப்புறம் ஞாயித்துக்கிழமைன்னா அங்கேதான். மாசி, பங்குனியிலே இலையே இல்லாம ரோஸ் நிறத்துலே பூத்து நிக்குமே டபேபூயா, அதுக்கு அம்மா வச்ச பேர் ரோஸ் மரம். ஊதாவா ஜக்கரண்டா, கோடையிலே சிவப்பா குல்மொஹர். மாம்பழ மேளாவிலே மட்டும் சண்டை. நம்மூர் ருசி இல்லையாம்:-)

இந்த வருஷம் முட்டி ஒத்துழைக்கலை. பாறைக்குக் கீழே பெஞ்சுலே உக்காந்துக்கறாங்க. சின்னவன் மேலே ஏறி நின்னு கையாட்டுறான். எனக்குத்தான் தொண்டையை அடைச்சது.

நேத்து தம்பி அம்மாகிட்டே ஃபோன்லே பேசினான். பொங்கலுக்கு வந்து அங்கேயே இருந்துடும்மான்னு. நான் மூச்சே விடலை.

'தை போகட்டும்டா. ரோஸ் மரம் பூத்ததும் பார்த்துட்டு வரேன்.'