இருக்கைக்கு அடியில் ஒரு மின்கலம்

அந்தி சாயும் நேரத்தில் மலாக்காவின் செந்நிறக் கட்டடங்களுக்கு முன்னால் நின்றவர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறப்பதில்லை. செயற்கைப் பூக்களும் பொம்மைகளும் சூடிய திரிஷாக்கள், வண்ண விளக்குகள் மின்ன, பாட்டொலி முழங்கச் சுற்றுப்பயணிகளை ஏற்றிச் செல்லும். வண்டியை நகர்த்துவது ஓட்டுநரின் கால் வலிமை. விளக்கையும் பாட்டையும் இயக்குவதோ மின்கலம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. ஜோங்கர் சாலையில் இரவுச் சந்தை கூடும் நாள். ஜாசின் வட்டாரத் தோட்டமொன்றில் டிராக்டர் ஓட்டி, பின்னர் நகருக்குக் குடிவந்த முதியவர் ஒருவர் தம் திரிஷாவைத் தயார் செய்துகொண்டிருந்தார். விளக்குகள் மங்கலாக எரிந்தன. பாட்டு விட்டுவிட்டு ஒலித்தது.

“பேட்டரி செத்துப்போச்சு, தாத்தா. புதுசு வாங்கிடலாம்,” என்றான் உதவிக்கு வந்த பேரன்.

புதிய மின்கலம் வாங்கினால் அந்த வார வருமானத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். முதியவர் சிரித்தார். “பால் குறைஞ்ச மரத்தை உடனே சாய்ச்சிடுவாங்களா, ஐயா? முதல்ல காரணத்தைப் பார்ப்போம்.”

விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே அவர் வோல்ட்மானியை மின்கலத்தின் இரு முனைகளிலும் வைத்தார். 12.4 வோல்ட் காட்டியது. முழுமையாக மின்னேற்றப்பட்டு ஓய்விலிருக்கும் 12 வோல்ட் மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். ஆகவே, இந்த மின்கலத்தில் ஆற்றல் இருந்தது. அடுத்து, முனைகளைக் கவ்வியிருந்த கம்பிப் பிடிகளில் வைத்துப் பார்த்தார். அங்கே 10 வோல்ட்கூட இல்லை.

பேரன் குனிந்து பார்த்தான். ஒரு முனைக்கும் பிடிக்கும் இடையே வெண்ணிறத் தூள் படிந்திருந்தது. மின்னோட்டத்தின் பாதையை அதுவே அடைத்திருந்தது.

விளக்குகளை அணைத்துவிட்டு, கையுறை அணிந்து, முதலில் எதிர்முனைக் கம்பியையும் பிறகு நேர்முனைக் கம்பியையும் கழற்றினார்கள். சமையல் சோடாவை நீரில் கரைத்து, மின்கலத்தின் மூடிகளுக்குள் அது புகாதபடி, பழைய பல்துலக்கியால் முனைகளைத் தேய்த்துத் துடைத்தார்கள். நன்கு உலர்ந்ததும், கழற்றிய வரிசைக்கு மாறாக, எதிர்முனையைக் கடைசியாக இணைத்து இறுக்கினார்கள். விளக்குகள் பளிச்சென எரிந்தன.

முதியவர் அத்துடன் விடவில்லை. மின்கலத்தின் ஆறு அறைகளின் மூடிகளையும் திறந்து பார்த்தார். ஓர் அறையில் நீர் குறைந்து, தகடுகளின் விளிம்பு தெரிந்தது.

“குழாய்த் தண்ணி ஊத்தட்டுமா, தாத்தா?”

“வேண்டாம். அதிலுள்ள தாது உப்பு தகடுகளைக் கெடுத்திடும். காய்ச்சி வடிச்ச தண்ணிதான் ஊத்தணும். இப்போ தகடு மூழ்கற அளவு போதும். ராத்திரி சார்ஜ் பண்ணின பிறகு மிச்சத்தை ஊத்திக்கலாம்.”

மின்னேற்றும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அதனால் காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல் மின்னேற்ற வேண்டும் என்றும் அவர் எச்சரித்தார்.

இத்தகைய ஈய அமில மின்கலத்தை 1859ஆம் ஆண்டில் உருவாக்கியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாந்தே. இன்றும் மகிழுந்து, படகு, பயணிகள் தங்கிச் செல்லும் சுற்றுலா ஊர்தி எனப் பலவற்றில் அது பயன்படுகிறது. ஆற்றல் குறைந்த நிலையில் அதை நாள்கணக்கில் விட்டுவைத்தால், தகடுகளில் ஈயச் சல்பேட் படிகங்கள் இறுகிவிடும். பிறகு மின்னேற்றினாலும் பழைய ஆற்றல் திரும்புவதில்லை. மழைக்காலத்தில் ஓடாமல் நிற்கும் திரிஷாவுக்கும், விடுமுறை முடிந்து நிறுத்தப்படும் சுற்றுலா ஊர்திக்கும் இது பொருந்தும்.

எவ்வளவு பேணினாலும் மின்கலத்திற்கு ஒருநாள் முடிவு உண்டு. அன்றும் அதைக் குப்பையிலோ ஆற்றங்கரையிலோ வீசக் கூடாது. ஈயம் நஞ்சு. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் பழைய ஈய அமில மின்கலத்தைக் கட்டுப்பாட்டுக்குரிய கழிவாக வகைப்படுத்தியுள்ளன. அதை மறுசுழற்சிக்கு ஒப்படைப்பதே முறை.

அன்றிரவு திரிஷா வழக்கம்போல ஒளி வீசிச் சென்றது. பாட்டைக் கேட்டுச் சிறுவர்கள் கைதட்டினார்கள். இருக்கைக்கு அடியில் இருந்ததை எவரும் பார்க்கவில்லை. வீடு திரும்பியதும் பேரன் ஓர் எழுதுகோலை எடுத்தான். நீர் ஊற்றிய தேதியை மின்கலத்தின் பக்கவாட்டில் எழுதி, அதன் கீழே அடுத்த மாதத் தேதிக்கும் இடம் விட்டுவைத்தான்.