மோட்டார் பழகுதலும் நஷ்டப் பொறுப்பும்

உலகில் எக்கலையையும் பிழையின்றிக் கற்றார் இலர். எழுதப் பழகுங் குழந்தை பலகையைக் கீறுகின்றது. நெய்யப் பழகுவோன் இழையை அறுக்கின்றான். சமைக்கப் பழகுவோள் சோற்றைக் குழைய விடுகின்றாள். இவற்றால் வரும் நஷ்டம் சிறிதாதலின், அஃது யாரைச் சாரும் என்று எவரும் வழக்காடுவதில்லை. மோட்டார் வண்டி ஓட்டப் பழகுதலோ அத்தகையதன்று. ஈண்டுப் பிழை ஒரு நொடியில் நிகழ்கின்றது. அதன் விலையோ பல மாதச் சம்பளமாக வந்து நிற்கின்றது. அவ்விலையைக் கொடுக்கக் கடமைப்பட்டவர் யாவர்? வண்டியைச் செலுத்திய மாணாக்கனா? அருகிலிருந்த ஆசானா? வண்டிக்கு உடையவனா? இவ்வினா சட்டம் பயில்வார்க்கு மட்டும் உரியதன்று. கற்பித்தலையும் கற்றலையும் தொழிலாகக் கொண்ட நம்மனோர் அனைவரும் சிந்தித்தற்கு உரியதாகும்.

இதனைச் சிந்திக்குமாறு என்னைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஐம்பது வயதைக் கடந்த பின்னர், ஒரு கோடை விடுமுறையில், பாளையங்கோட்டையில் உள்ளதொரு மோட்டார்ப் பயிற்சிப் பள்ளியில் யான் மாணாக்கனாகச் சேர்ந்தேன். நாள்தோறும் வைகறையில் நால்வர் ஒரே வண்டியில் ஏறுவோம். ஒருவர் ஓட்ட, ஏனை மூவரும் பின்னே அமர்ந்து தத்தம் முறையை எதிர்நோக்கி இருப்போம். எங்களுள் ஒருவன் உணவுச் சாலையொன்றில் இலை போட்டுப் பரிமாறும் இளைஞன். வண்டியோட்டும் உரிமம் பெற்றுவிட்டால் சரக்கு வண்டியொன்றில் வேலை தருவதாக அவனுக்கு ஒருவர் வாக்களித்திருந்தார். ஆதலின் எங்களுக்குப் பொழுதுபோக்காயிருந்த அப்பயிற்சி அவனுக்கு வாழ்வாயிருந்தது. ஆசிரியரோ அப்பள்ளியில் மாதச் சம்பளம் பெறும் நடுத்தர வயதினர், இன்சொல்லர், எவரையும் கடிந்து பேசாதவர்.

பதினோராம் நாட் காலையில் அவ்விளைஞன் ஓட்டிக்கொண்டிருந்தான். குறுகிய வாய்க்காற் பாலம் ஒன்றை அணுகுகையில் எதிரே பஸ் ஒன்று விரைந்து வந்தது. அதற்கு வழிவிடக் கருதி அவன் சக்கரத்தை இடப்பக்கம் திருப்பினான். வேண்டிய அளவினும் சிறிது மிகுதியாகத் திருப்பிவிட்டான். ஆசிரியர் தம் காலடியிலிருந்த பிரேக்கை உடனே அழுத்தினார். வண்டியின் வேகம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. எனினும் அதன் முன்மூலை பாலத்துச் சுவரில் மோதியது. எவர்க்கும் காயமில்லை. விளக்கொன்று உடைந்தது, பம்பர் பிளந்தது, மட்கார்டு நெளிந்தது. பட்டறையார் அதற்கு ஒன்பதாயிரம் ரூபாய் என மதிப்பிட்டனர்.

பள்ளியின் உரிமையாளர் கூறிய தீர்ப்பு மிகச் சுருக்கமானது. “ஓட்டினவன் கொடுக்க வேண்டும், அவன் கொடாவிடில் அருகிலிருந்தவர் சம்பளத்திற் பிடிக்கப்படும், பணம் வருமட்டும் இவனைப் பரீட்சைக்கு அனுப்புவதில்லை” என்றார் அவர். அதுகாறும் அண்ணாச்சி என்றும் தம்பி என்றும் அன்புடன் அழைத்துவந்த இருவரும் அன்றே ஒருவரையொருவர் குறைகூறத் தலைப்பட்டனர். “நீங்கள் முன்னமே பிரேக்கை மிதித்திருக்கலாமே, அண்ணாச்சி” என்றான் இளைஞன். “நீ அவ்வளவு திருப்புவாய் என்று யான் கண்டேனா, தம்பி?” என்றார் ஆசிரியர். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது, இருவரிடத்தும் பணமில்லை. இளைஞனது பழகுநர் உரிமம் ஆறு திங்களே செல்லத்தக்கது. அதில் நான்கு திங்கள் முன்னரே கழிந்திருந்தன.

அன்று முதல் இவ்விஷயத்தைப் பற்றிப் பழைய நூல்களும் புதிய சட்டங்களும் யாது கூறுகின்றன என்று தேடலானேன். ரோமாபுரிச் சட்ட வல்லுநராகிய காயஸ் என்பவர் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். கோவேறு கழுதைகளை அடக்கி நடத்தும் திறமையில்லாத சாரதியொருவன் பிறனுடைய அடிமையின்மேல் அவற்றை ஏறவிட்டால், அந்நஷ்டத்திற்கு அச்சாரதியே பொறுப்பாளி என்பது அவர் கருத்து. திறமையின்மையும் ஒரு குற்றமாகவே எண்ணப்படும் என்பது அவர் வகுத்த நெறி. கி.பி. 533-இல் ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட சட்டத் தொகுப்பில் இக்கருத்து இடம்பெற்று இன்றளவும் வாழ்கின்றது. கழுதைக்குப் பதிலாக மோட்டாரை வைத்துப் பார்ப்பின், நம் இளைஞன் தோற்றான் என்றே தோன்றும்.

இங்கிலாந்தில் 1971-ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று இதனினும் நெருங்கியது. ஒரு மாது தன் கணவனது காரை ஓட்டிப் பழக விரும்பிக் குடும்ப நண்பரொருவரைக் கற்பிக்குமாறு வேண்டினாள். அவர் முன்யோசனையுடையவர், விபத்து நேரின் தமக்கு ஈடு தரும் இன்ஷூரன்ஸ் உண்டா என்று கேட்டறிந்த பின்னரே இசைந்தார். மூன்றாம் பாடத்தின்போது, இடப்பக்கம் திரும்பிய அம்மாது சக்கரத்தை மீண்டும் நேராக்கத் தவறினாள். மனிதர் நடக்கும் வேகத்திற் சென்ற அவ்வண்டி நடைபாதையில் ஏறி விளக்குக் கம்பத்தில் மோதிற்று. நண்பரின் முழங்காற் சில்லு முறிந்தது. பழகுவோளிடத்தும் தேர்ந்த சாரதியினிடத்து எதிர்பார்க்கும் கவனத்தையே சட்டம் எதிர்பார்க்கும் என்று நீதிபதிகள் கூறினர். அறநெறிப்படி அவளிடம் குற்றமில்லை எனினும், இன்ஷூரன்ஸ் உடையவள் ஆதலின் சட்டப்படி நஷ்டம் அவள்பாற் சேர வேண்டும் என்று டென்னிங் பிரபு விளக்கினார். ஆயினும் வண்டியை நடத்துவதில் ஆசானுக்கும் பங்கிருந்தமையால், அவர் பெறவேண்டிய தொகையிற் பாதியைப் பெரும்பான்மை நீதிபதிகள் குறைத்துவிட்டனர்.

இத்தீர்ப்பை யான் பன்முறை எண்ணிப் பார்த்தேன். தெருவிற் செல்லும் மூன்றாமவனை நோக்க, இது முற்றும் நியாயமானதே. தன்மேல் மோதும் வண்டியை ஓட்டுபவன் நேற்றுப் பழகியவனா, முப்பதாண்டு பழகியவனா என்று வழிப்போக்கன் ஆராய்தல் இயலாது. எவன் மோதினும் எலும்பு முறிவு ஒன்றே. நம் நாட்டிலும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாமவர்க்கு ஈடு தரும் இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியுள்ளது. பழகுநர் உரிமமும் உரிமமே. அதனைக் காரணங்காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி ஈடு கொடாது விலகலாகாது என்று 2004-இல் நம் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கியது.

ஆனால் வண்டிக்கே நேர்ந்த சேதம் வேறு வினா. அங்கே மூன்றாமவன் இல்லை. கற்றவன், கற்பித்தவர், உடையவர் என்னும் மூவரே உளர். காயஸ் கூறிய சாரதி தன்னைத் திறமையுடையவனாகக் காட்டிக்கொண்டு கடிவாளம் பிடித்தவன். பழகுவோனோ அவ்வாறு காட்டிக்கொள்வதில்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 18 சென்டிமீட்டர்ச் சதுரமான வெள்ளைப் பலகையில் ‘எல்’ என்னும் ஆங்கில எழுத்தைச் சிவப்பாக எழுதி வண்டியின் முன்னும் பின்னும் மாட்டிக்கொண்டே அவன் புறப்படுகின்றான். ‘யான் அறியாதவன்’ என்று உலகறியச் சொல்லிச் செல்பவன் அவன். அவ்வறியாமையை அறிந்தே, அதனை நீக்குதற்கென்றே, கட்டணம் பெற்று வண்டியைக் கொடுத்தவர், பின்னர் அவ்வறியாமையையே குற்றமாக எடுத்துரைத்தல் எங்ஙனம் பொருந்தும்?

அவ்விதிகளே இதற்கு விடை கூறுகின்றன. பழகுவோனருகே உரிமமுடைய ஆசான் ஒருவர், வண்டியை அடக்கவோ நிறுத்தவோ கூடிய இடத்தில் அமர்ந்திருத்தல் வேண்டும். பயிற்சிப் பள்ளியின் காருக்கு ஆசான் பக்கத்திலும் கட்டுப்படுத்தும் சாதனம் இருத்தல் வேண்டும். அவ்விரண்டாம் பிரேக் எதற்காக? மாணாக்கன் பிழை செய்வான் என்பதை விதி முன்னரே எதிர்பார்க்கின்றது என்பதற்கு அதனினும் வெளிப்படையான சான்று வேண்டா.

அங்ஙனமாயின் ஆசிரியரே கொடுக்க வேண்டுமோ எனின், அதுவும் நியாயமன்று. அவர் உறங்கினாரல்லர், செல்பேசியில் பேசிக்கொண்டிருந்தாரல்லர், காண்டற்குரிய நேரத்திற் கண்டு, அழுத்துதற்குரிய நேரத்தில் அழுத்தினார். தொழிலாளியின் கவனக்குறைவால் நேரே விளைந்த நஷ்டமாயிருந்தாலன்றி, அதுவும் அவன் சொல்லைக் கேட்ட பின்னரன்றி, கூலியிற் பிடித்தலாகாது என்பது 1936-ஆம் ஆண்டுக் கூலி வழங்கற் சட்டம் முதலாக நம் நாட்டில் வழங்கிவரும் நெறி. இருவரும் குற்றமற்றவராயின், எஞ்சியவர் உடையவரே. பழகாதார் கையில் வண்டியைக் கொடுத்து ஊதியம் பெறுதல் அவர் தொழில். பழகாதார் கையால் வரும் சேதம் அத்தொழிலின் செலவு. எண்ணெய்ச் செலவையும் டயர்த் தேய்வையும் போல அதனையும் கணக்கிட்டே கட்டணம் விதித்தல் முறையாகும்.

உரிமையாளர் பக்கத்து நியாயத்தையும் மறைத்தலாகாது. அவர் வண்டிக்கு முழு இன்ஷூரன்ஸ் இருந்தது. ஆயினும் அதனைக் கேட்க அவர் விரும்பவில்லை. ஒவ்வொரு கோரிக்கையிலும் ஒரு தொகையை உடையவரே ஏற்க வேண்டும். பிளாஸ்டிக் உறுப்புக்களுக்குத் தனிக் காப்பு எடுத்திராவிடில் பாதி விலையே கிடைக்கும். கோரிக்கையின்றி ஐந்தாண்டு கழித்தார்க்குக் கிடைக்கும் நூற்றுக்கு ஐம்பது வீதச் சலுகையும் போய்விடும். சிறு சேதத்திற்கு இன்ஷூரன்ஸை நாடாதிருத்தல் வியாபாரிக்கு இயல்பே. ஆனால் தம் சலுகையைக் காத்துக்கொள்ளும் பொருட்டுப் பரிமாறும் பையன் தன் சேமிப்பைக் கொடுத்தல் வேண்டும் என்பது வியாபாரமுமன்று, நியாயமுமன்று.

‘நம் ரசாயன சாலையில் உடைந்த கண்ணாடிக் கலத்திற்கு மாணவனிடம் பணம் வாங்குகின்றோமே’ என்று நண்பரொருவர் என்னை மடக்கினார். நல்ல வினா. ஆனால் நாம் ஆண்டின் தொடக்கத்திலேயே அதனை அறிவித்து, சிறிதொரு முன்பணம் பெற்று, எஞ்சியதைத் திருப்பித் தருகின்றோம். பெருவிலைத் தராசொன்று முறையாகப் பயன்படுத்துகையிற் பழுதானால் மாணவன் தலையிற் சுமத்துவதில்லை. முன்னரே சொல்லிய சிறு பொறுப்பு ஒழுங்கைக் கற்பிக்கும். பின்னர் வந்து விழும் பெருஞ்சுமை அச்சத்தையே கற்பிக்கும். ஆசான் சொல்லை மீறி வேகமாக ஓட்டியவனும், உரிமமின்றி வண்டியைத் தொட்டவனும் வேறு. அவர்கள் கொடுத்தே தீரவேண்டும்.

இவற்றையெல்லாம் யாங்கள் மூவரும் உரிமையாளரிடம் சென்று எடுத்துரைத்தோம். அவர் இணங்கவில்லை. அப்பொழுது ஆசிரியர் முன்வந்து, “முதலாளி, பிரேக் என் காலடியில் இருந்தது. அவனை விட்டுவிடுங்கள், என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. முடிவில் உரிமையாளர் பாதியைத் தாம் ஏற்றுக்கொண்டு, பாதியை ஆசிரியர் சம்பளத்தில் மூன்று திங்களிற் பிடித்தார். இளைஞன் பரீட்சைக்குச் சென்று தேறினான். யான் கண்ட நியாயத்தின்படி ஆசிரியர் ஒரு காசும் கொடுக்கவேண்டியதில்லை; இளைஞனோ முதற்சம்பளத்திலிருந்து அவருக்குச் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுத்துவருவதாகப் பின்னர் அறிந்தேன். சட்டம் செய்யாததை அவ்விருவரும் தமக்குள் செய்துகொண்டனர்.

மாணவ நண்பர்களே! நீவிர் வண்டி பழகப் புகுமுன் மூன்றினை உறுதிசெய்துகொள்வீராக. பழகுநர் உரிமம் கையிலிருத்தல் வேண்டும். பள்ளியின் இன்ஷூரன்ஸ் வண்டிச் சேதத்தையும் தழுவுகின்றதா என்று கேட்டறிதல் வேண்டும். அதில் அடங்காத தொகை யாரைச் சாரும் என்பதை எழுத்திற் பெறுதல் வேண்டும். தந்தையின் வண்டியிலோ தோழனின் வண்டியிலோ பழகுவோர்க்கும் இவை பொருந்தும். உரிமமுடையார் ஒருவர் அருகிலின்றி ஓட்டின், இன்ஷூரன்ஸ் கம்பெனி வண்டிச் சேதத்திற்குக் கைவிரிக்கலாம்.

கற்பிக்கும் பணியிலுள்ள நாமும் ஒன்றை மறவாதிருப்போமாக. அறியாதவனை மாணாக்கனாக ஏற்றுக்கொள்பவர் அவன் செய்யப்போகும் பிழைகளையும் உடன் ஏற்றுக்கொள்கின்றார். அப்பிழைகளின் விலையை அவன் ஒருவனே கொடுக்கவேண்டுமாயின், செல்வர் மக்களன்றிப் பிறர் எக்கலையையும் கற்கத் துணியார்.