மோட்டார்ஹோமின் பின்னால் ஒரு மின்சாரக் கார்

அமெரிக்காவில் மோட்டார்ஹோமில் ஊர் சுற்றுகிறவர்கள், பின்னால் ஒரு சிறிய காரையும் இழுத்துக்கொண்டு போவது பழைய வழக்கம். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அடங்கிய 10 மீட்டர் வண்டியை முகாம் திடலில் நிறுத்தி, தண்ணீர்க் குழாயையும் மின்வடத்தையும் மாட்டியபின், பால் வாங்குவதற்காக அதை மறுபடி கிளப்ப யாருக்கும் மனம் வராது. சில இடங்களுக்கு அது போகவே முடியாது. மான்டானா மாநிலத்தின் கிளேஷியர் தேசியப் பூங்காவில் மலையைக் குறுக்காகக் கடக்கும் கோயிங்-டு-த-சன் சாலை அப்படிப்பட்டது. சுமார் 80 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலை 1933இல் திறந்துவைக்கப்பட்டது. அதன் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளை விடுவதில்லை. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரக் கல்சுவர், அதற்கப்பால் பள்ளத்தாக்கு. மோட்டார்ஹோமில் வந்தவர்கள் இதைப் பார்க்க வேண்டுமானால் சிறிய கார் ஒன்று வேண்டும்.

அந்தக் கார் மின்சாரக் காராக இருந்தால் இந்தச் சாலைக்கு மிகவும் பொருத்தம். வழியிலுள்ள மெக்டொனால்டு ஏரிக்கரையிலிருந்து 2,026 மீட்டர் உயரமுள்ள லோகன் கணவாய் வரை ஏற்றம் 1,000 மீட்டருக்கும் அதிகம். ஆட்களோடு 1,700 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறக்குறைய 5 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகும். இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்துக்கொள்வதால், அதில் பெரும்பகுதி பேட்டரிக்குத் திரும்பிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிக் கருகும் வாடை இல்லை. ஜன்னலை இறக்கினால் அருவிகளின் ஓசை தெளிவாகக் கேட்கும்.

ஆனால் காரை அங்குவரை கொண்டுவந்து சேர்ப்பதுதான் பெரிய பாடு. பெட்ரோல் கார்களில் சிலவற்றை, நான்கு சக்கரங்களும் தரையில் உருள, ஓர் இரும்புத் தண்டால் கோத்து இழுத்துப் போகலாம். நியூட்ரலில் போட்டால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். மின்சாரக் கார்களில் பெரும்பாலானவற்றில் அப்படி அறுக்கும் கியர் ஏற்பாடே கிடையாது. சக்கரமும் மோட்டாரும் ஒரே ஒரு பல்சக்கரத் தொகுதியால் நிரந்தரமாகப் பிணைந்தவை. திரையில் நியூட்ரல் என்று காட்டுவது, மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கவில்லை என்பதை மட்டுமே குறிக்கும். சக்கரம் உருண்டால் மோட்டாரும் சுழலும். உள்ளே நிலைக்காந்தம் இருந்தால் மின்னழுத்தம் உண்டாகும். காரின் மின்னமைப்பு அணைந்திருப்பதால் குளிர்விக்கும் பம்பும் ஓடாது. நெடுஞ்சாலை வேகத்தில் மணிக்கணக்காக இப்படிப் போனால் மோட்டாரும் இன்வெர்ட்டரும் கெட்டுப்போகலாம். டெஸ்லா தன் கையேட்டில் சக்கரங்கள் தரையில் உருளும்படி காரைக் கொண்டுபோகவே கூடாது என்று எச்சரிக்கிறது.

ஆகவே கார் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மோட்டார் எந்தச் சக்கரங்களைச் சுழற்றுகிறது என்பதுதான். நிசான் லீஃப், செவ்ரோலே போல்ட் போன்றவற்றில் முன்சக்கரங்களை மட்டுமே மோட்டார் சுழற்றுகிறது. இவற்றின் முன்பக்கத்தை டாலி என்னும் இரண்டு சக்கரச் சிறு வண்டிமேல் ஏற்றிவிட்டால் மோட்டார் அசையாது. பின்சக்கரங்கள் சும்மா உருண்டு வரும். டயர்களைப் பட்டைகளால் இறுக்கிக் கட்டிச் சில கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும், டயர் அமுங்கிப் பட்டை தளர்ந்திருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில கார்களில் அணைத்த உடனே கைபிரேக் தானாகப் பின்சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். அதை விடுவித்தாயிற்றா என்று கீழே இறங்கிப் பார்க்காமல் கிளம்பினால் டயர் தேய்ந்து புகையும். டாலியோடு ரிவர்ஸ் எடுக்க முடியாது என்பதால், திரும்ப இடமில்லாத பெட்ரோல் நிலையத்துக்குள் நுழையாமலிருப்பதும் முக்கியம்.

பின்சக்கரங்களையோ நான்கையுமோ மோட்டார் சுழற்றும் கார்களுக்கு டிரெய்லர்தான் வழி. அங்கே எடை குறுக்கே நிற்கிறது. பெட்ரோல் மோட்டார்ஹோம்களில் பலவற்றின் இழுவை வரம்பு 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ. டெஸ்லா மாடல் ஒய் ஏறக்குறைய 2,000 கிலோ. அதன் கீழே 800 கிலோ டிரெய்லரையும் சேர்த்தால் வரம்பு தாண்டிவிடும். பெரிய டீசல் மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. 1,600 கிலோ போல்ட்டும் 300 கிலோ டாலியும் சேர்ந்தால் வரம்புக்குள் அடங்கும். நடுத்தரமான மோட்டார்ஹோமுக்கு இந்தச் சேர்க்கையே நல்லது. டாலியோ டிரெய்லரோ வேண்டும் என்பதற்கு ஜீப் ராங்ளர் 4எக்ஸ்இ விலக்கு. முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸில் உண்மையான நியூட்ரல் இருப்பதால் நான்கு சக்கரமும் தரையில் உருள இழுக்கலாம். ஆனால் அது பெட்ரோலும் சேர்ந்த கார். மின்சாரத்தில் மட்டும் ஓடுவது 35 கிலோமீட்டர் அளவுக்குத்தான்.

இழுக்கும்போதே சக்கரச் சுழற்சியால் பேட்டரியை நிரப்பிக்கொள்ளலாமே என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. அந்த மின்சாரம் இலவசமாக வருவதில்லை. மோட்டார்ஹோம் கூடுதல் பெட்ரோல் எரித்துத்தான் அதை உண்டாக்குகிறது; பெட்ரோலின் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக வீணாகும். உற்பத்தியாளர் அனுமதிக்காத காரில் இதைச் செய்து பார்ப்பது, விலை உயர்ந்த பாகங்களைப் பணயம் வைப்பதாகும்.

மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் இடம் முகாம் திடல். ஒவ்வோர் இடத்திலும் நிற்கும் மின்பெட்டியில் பெரும்பாலும் 50, 30, 20 ஆம்பியர் பிளக்குகள் இருக்கும். 50 ஆம்பியர் பிளக், அமெரிக்க வீடுகளில் காரை சார்ஜ் செய்யப் பலர் பொருத்திக்கொள்ளும் அதே வகை. 240 வோல்ட்டில் 9.6 கிலோவாட் வரை தொடர்ந்து எடுக்கலாம். மோட்டார்ஹோம் அதை எடுத்துக்கொண்டால் கார் 30 ஆம்பியர் பிளக்குக்குப் போகும். அங்கே 120 வோல்ட்டில் 24 ஆம்பியர், அதாவது 2.9 கிலோவாட். இரவு 10 மணி நேரத்தில், இழப்பு போக, 24 கிலோவாட் மணி சேரும். கோயிங்-டு-த-சன் சாலையை ஒருமுறை கடந்து திரும்பிவர அது ஏறக்குறையப் போதும். 30 ஆம்பியர் மட்டுமே உள்ள இடத்தில் ஏசியும் காரும் ஒன்றாக ஓடாது. மான்டானா இரவுகளின் குளிரில் ஏசி தேவைப்படாது, அரிசோனாவில் அப்படியில்லை. கட்டணம் பெரும்பாலும் இரவுக்கு இவ்வளவு என்று இருப்பதால், காரை மாட்டுமுன் திடல் நிர்வாகியைக் கேட்டுத் தனிக்கட்டணம் கொடுப்பதே முறை. கிளேஷியர் பூங்காவின் சொந்த முகாம்களில் மின் இணைப்பு கிடையாது. வெஸ்ட் கிளேஷியர் அல்லது செயின்ட் மேரி ஊர்ப்பக்கத் தனியார் திடல்களில் முன்பதிவு செய்யும்போதே ஆம்பியரையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.