பரணில் இருந்த கிட்டார்

கணக்கு வாத்தியார் ராக் இசை கேட்கிறாரா என்று சிரிக்காதீர்கள். மகன் அனுப்பியது: அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த போல்வோ குழுவின் 'இன் பிரிசம்', 2009. 1998இல் பிரிந்தவர்கள், 2008இல் மீண்டும் கூடி, முந்தைய ஆல்பத்துக்கு 12 ஆண்டு கழித்து இதைப் போட்டார்கள். 'மேத் ராக்' என்று வகைப்படுத்துகிறார்கள். மேசையில் தட்டி எண்ணினால் தாளம் நழுவுகிறது. உடனே எழுபதுகளின் ஹார்ட் ராக் போலக் கனத்த கிட்டார் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறது.

பிளஸ் டூவில் அவன் கிட்டாரைப் பரணில் ஏற்றியவன் நான்தான். அப்புறம் அவன் அதைக் கேட்கவே இல்லை.

நேற்று போன் செய்து, "எண்ணிக்கை தப்புதேடா" என்றேன். "தப்பலப்பா, திரும்ப எண்ணுங்க" என்றான். ஒரு மணி நேரம் பேசினோம்.

கிட்டாரை இறக்கிவிட்டேன். கம்பிகள் துருப்பிடித்திருக்கின்றன. மாற்றத் தெரிந்த பழைய மாணவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்; பொங்கலுக்கு வருகிறான்.